மேடையிலிருந்து கேட்டால் நன்றாகத்தான் கேட்கும்

எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டதாக வரலாறு இல்லை. கட்டியவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. மண்டபம் என்றால் கூடுவதற்கு. கேட்பதற்கு என்று எந்தக் கடதாசியிலும் எழுதியிருக்கவில்லை.

முள்ளியவளையிலிருந்து சைக்கிள் மிதித்தால் முக்கால் மணித்தியாலத்தில் வரும் குடியேற்றத் திட்டம் எங்களுடையது. குளமும் வயலும்தான் ஊர். மண்டபம் பிறகு வந்தது. அது ஒரு நீளப் பெட்டி. நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், மேலே வெறும் தகரம், கீழே வழுக்கி விழுவதற்கென்றே பதித்த டைல்ஸ், ஒரு முனையில் மேடை. மைக்கில் ஒருவர் வணக்கம் என்றால் அந்த வணக்கம் பின்சுவரில் மோதித் தகரத்தில் ஏறி, திரும்பி வந்து அடுத்த சொல்லின் முதுகில் குந்தும். ஐந்தாறு சொல் ஆனதும் எல்லாம் ஒன்றோடொன்று அடிபடத் தொடங்கிவிடும். சனம் தலையாட்டும். எதற்கு ஆட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இடது காது இல்லை. யுத்தத்தின் கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து போனது. வலது காதை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் சமாளித்துவிட்டேன். ஆள் கதைக்கும் பக்கம் தலையைத் திருப்புவேன், சரியாகப் பிடிபடாவிட்டால் இன்னும் கொஞ்சம் திருப்புவேன். என்னைக் கொக்கு என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அதையும் இந்தக் காதால்தான் கேட்டேன். வெளியில், வயலில், பஸ்ஸில் எல்லாம் இந்த ஒரு காதே காணும். மண்டபத்துக்குள் மட்டும் காணாது. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இரைச்சல்தான்.

சும்மா கூட்டங்கள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். வரவேற்புரையைக் கேட்காமல் செத்தவர் யாரும் இல்லை. ஆனால் சிறுபோகக் கூட்டமும் அங்கேதான் நடக்கிறது. மழை இல்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, என்றைக்குத் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எல்லாவற்றையும் நீர்ப்பாசன அதிகாரி வந்து அந்தக் கூட்டத்தில்தான் சொல்வார். அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவார்கள். ஒட்டும்போது பயிர் முழங்கால் உயரம் நிற்கும்.

ஆண்களுக்கு இதனால் நட்டமில்லை. கூட்டம் முடிந்ததும் அவர்கள் சந்தித் தேநீர்க்கடைக்குப் போவார்கள். உண்மையான கூட்டம் அங்கேதான். ஒருவன் ஒரு துண்டு கேட்டிருப்பான், மற்றவன் வேறு துண்டு. பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் அதிகாரியும் அதே வாங்கிலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இருப்பார், அவரிடம் நேரே கேட்பார்கள். பெண்கள் அந்தக் கடைக்குப் போவதில்லை. யாரும் மறிக்கவில்லை. போனால் விடியுமுன் ஊர் ஒரு கதை கட்டிவிடும், அவ்வளவுதான். என் வீட்டில் அங்கே அனுப்பவும் ஆம்பிளை இல்லை. போன முறை நான் வரம்பில் கண்டவரிடம் விசாரித்து, அவர் சொன்ன நாளை நம்பி விதைத்தேன். விதைப்பு முடிக்கும் நாள் அதற்கு ஐந்து நாள் முந்தியே போயிருந்தது. பிந்தி விதைத்த வயலுக்குக் கடைசித் தண்ணீர் தரவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம் வயல் வெடித்துக் கிடந்தது. மாட்டை மேயவிட்டேன்.

அந்தக் கோபம் ஆறுமுன் ஒரு செய்தி வந்தது. மண்டபத்தை மேம்படுத்த ஏதோ அபிவிருத்தித் திட்டக்காரர்கள் உதவி தருகிறார்களாம். மண்டப நிர்வாகம் கூடி முடிவெடுத்துவிட்டது: சுவருக்கும் டைல்ஸ் பதிப்பது. தரையில் தொடங்கிக் கூரை மட்டம் வரைக்கும். குளியலறைக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு உயரத்துக்குப் பதிக்க மாட்டார்கள்.

நான் தலைவரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும்.

"மாஸ்டர், சுவருக்கு டைல்ஸ் வேண்டாம். மேல சீலிங் அடியுங்கோ. பின்சுவருக்குத் தேங்காய்த் தும்புப் பலகையோ சாக்குச் சீலையோ ஏதாவது போடுங்கோ. ஒரு கதையும் விளங்குதில்லை."

"ஆருக்கு விளங்குதில்லை?"

"எனக்கு. எல்லாருக்கும்."

அவர் என் இடது காதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த செயலாளரும் பார்த்தார். செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிசன், தலைவர் தும்மினால் கைக்குட்டை எடுப்பவர்.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ. காதில இருக்கிற பிழைக்கு மண்டபத்தைத் திருத்தேலாது."

அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் சைக்கிள் செயின் கழன்றது.

மாங்குளத்தில் இருக்கும் என் தங்கையின் மகளிடம் போனில் இதைச் சொல்லித் திட்டித் தீர்த்தேன். அவளுக்கு முப்பது வயது. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு இணையப் பக்கங்கள் செய்கிறாள். நான் திட்டி முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "பெரியம்மா, மண்டபத்தின்ர அளவு தெரியுமோ?" என்றாள். இது என்ன கேள்வி என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அளவு நாடாவோடும் ஒரு பலூன் பைக்கற்றோடும் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இருவரும் மண்டபத்தை அளந்தோம். காவலாளி ஐயா கதவடியில் நின்று பார்த்தார்.

"என்ன, விக்கப் போறியளோ?"

"வாங்கிறியளோ?" என்றேன்.

பிறகு அவள் நடு மண்டபத்தில் நின்று பலூனை ஊதி ஊசியால் குத்தினாள். அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் சுற்றித் திரிகிறது என்று பதிவு செய்யத்தானாம். அவள் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது காவலாளி ஐயா வாங்கிலுக்குக் கீழே குப்புறக் கிடந்தார். நான் மேடைப் படியோடு ஒட்டிக் கிடந்தேன்.

"சொல்லிப்போட்டு உடை பிள்ளை," என்றார் அவர், எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டே.

சொல்லிவிட்டு இன்னும் நாலு பலூன் உடைத்தாள். சொன்ன பிறகும் நாங்கள் இருவரும் குந்திக்கொண்டுதான் இருந்தோம்.

இரண்டு கிழமையில் அவள் ஒரு இணைய முகவரி அனுப்பினாள். போனில் எதையும் இறக்கத் தேவையில்லை, தொட்டால் பக்கமாகவே திறந்தது. உள்ளே எங்கள் மண்டபம் ஒரு கோட்டுப் படமாக நின்றது. நீளம், அகலம், தகரம், சுவர் எல்லாம் அதே. எந்தக் கதிரையில் இருக்கிறோம் என்று விரலால் தொட வேண்டும். இயர்போனைக் காதில் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு நேரே வைக்க வேண்டும். முன் கமரா நம் தலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலையைத் திருப்பினால் சத்தமும் அதற்கேற்ற மாதிரி மாறும். பேசுகிற ஆள் மேடையிலேயே நிற்பார், எங்களோடு சேர்ந்து திரும்ப மாட்டார். சுவரைத் தொட்டு டைல்ஸ், சீமெந்து, தும்புப் பலகை என்று மாற்றலாம். தொட்ட உடனே குரலும் மாறும். இதில் கொஞ்சம் அவள் எழுதியது, மீதி உலகத்தில் யாரோ இலவசமாய்ப் போட்டு வைத்தது.

"ஒண்டுதான் பெரியம்மா," என்று இழுத்தாள். "இது ரெண்டு காதுக்கும் செய்தது. உங்களுக்கு எப்பிடி இருக்குமெண்டு தெரியேல்லை."

பின்வரிசைக் கதிரையைத் தொட்டேன். அவளுடைய குரல் தண்ணீர் அறிவித்தல் ஒன்றை வாசித்தது. அச்சாக எங்கள் மண்டபம். ஒரு இழவும் விளங்கவில்லை. வழக்கம்போல வலது காதைக் குரல் வரும் பக்கம் கொண்டுபோனேன். கமரா பின்னால் வந்தது. கொஞ்சம் உரத்தது, ஆனால் சொல்லெல்லாம் அதே சகதிதான். பிறகு கூரைக்குச் சீலிங் அடித்து, பின்சுவருக்குத் தும்புப் பலகை வைத்தேன். மறுபடியும் தலையைத் திருப்பினேன். குரல் மேடையில் ஓரிடத்தில் நின்றது. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது, நடுவில் அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஒரு காதுக்கே.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? நாலு பலகையும் ஒரு சீலிங்கும்தானா? இதற்கா ஒரு போகத்தை மாட்டுக்குக் கொடுத்தேன்?

நிர்வாகத்துக்குப் போட்டுக்காட்ட நாள் கேட்டோம். தலைவர் வீட்டு விறாந்தையில், அவரும் செயலாளரும் இருக்க, மத்தியானம் கதிரை போட்டுத் தந்தார்கள். தேத்தண்ணியும் வந்தது. மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை.

தங்கை மகள் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். தலைவர் இடையிடையே "நல்லது, நல்லது" என்றார். பிறகு அவள் இயர்போனை நீட்டினாள். அவர் ஒரு முனையை எடுத்துத் தன் இடது காதில் செருகிவிட்டு மற்ற முனையைச் செயலாளரிடம் கொடுத்தார்.

"ஐயா, ரெண்டும் ஒரு ஆள்தான் போடோணும். பிறகு மற்ற ஆள் கேக்கலாம்."

"அது சரிவராது பிள்ளை. நான் தனியக் கேட்டா, தலைவர் தனிய முடிவெடுத்தவர் எண்டு நாளைக்குக் கதை வரும். நிர்வாகமெண்டா சேந்துதான் கேக்கோணும்."

எங்கள் ஊரில் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு கையெழுத்து, எந்தப் பூட்டுக்கும் இரண்டு திறப்பு. அந்த வழக்கம் காதுவரைக்கும் வந்துவிட்டது. இடப்பக்கத்து மண்டபம் தலைவருக்கு, வலப்பக்கத்து மண்டபம் செயலாளருக்கு. இரண்டு காதும் நல்லாயிருக்கிற இரண்டு பேர் சேர்ந்து, என்னைப்போல ஆளுக்கு ஒரு காதோடு இருந்தார்கள். என்ன, எனக்கு அதில் பழக்கம் இருந்தது. அவர்களுக்கு இல்லை.

கமராவுக்கோ இரண்டு தலை. எந்தத் தலைக்குப் பின்னால் போவது என்று அதற்குத் தெரியவில்லை. செயலாளர் சும்மா இருக்கமாட்டாத மனிசன், எதற்கும் தலையாட்டுவார். அவர் ஆட்ட ஆட்டத் தலைவர் காதில் குரல் ஏறி இறங்கியது.

"தம்பி, ஆடாதையும்!"

"நான் ஆடேல்லை மாஸ்டர், மண்டபம்தான் ஆடுது."

"ஐயா, எந்தக் கதிரையில இருந்து கேக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள் மகள்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ர கதிரையிலதான்," என்று படத்தில் மேடையைத் தொட்டார். மேடை நடுவில், மைக்குக்கு ஒரு முழத்தில். அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து அவர் வேறு கதிரையில் இருந்ததில்லை. பின்வரிசை என்று ஒரு இடம் இருப்பது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"நல்லாத்தானே கேக்குது."

"பின்னுக்குப் போய்க் கேளுங்கோ மாஸ்டர்," என்றேன்.

"நான் ஏன் பின்னுக்குப் போறன்?"

அந்த நேரத்தில் மகள் ஒரு பிழை விட்டாள். அவரை வசப்படுத்தலாம் என்று நினைத்து, "உங்கட குரலைப் பதிஞ்சும் போட்டுக் கேக்கலாம் ஐயா," என்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார், வேட்டியைச் சரிசெய்தார். கதிரையில் இருந்தபடியே எழுந்து நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட" என்று தொடங்கினார். விறாந்தையில் எங்களைத் தவிர இருந்தது ஒரு கோழி. அதற்கும் சேர்த்து வரவேற்புரை நடந்தது.

முதலில் சீலிங்கும் பலகையும் வைத்த மண்டபத்தில் போட்டுக்காட்டினாள். குரல் துப்புரவாக வந்தது. நடுவில் மூச்சு வாங்கியதும் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டியதும் ஒளிக்காமல் வந்தன. அவர் முகம் சுருங்கியது.

"என்ன இது? வெறும் ஆள் கதைக்கிற மாதிரி."

"மாஸ்டற்ற குரலே இல்லை," என்றார் செயலாளர்.

பிறகு சுவர் முழுக்க டைல்ஸ் உள்ள மண்டபத்தில் போட்டாள். அதைக் கேட்டால் பயந்து போவார் என்பது அவள் எண்ணம். ஒவ்வொரு சொல்லும் நாலு சொல்லாகத் திரும்பி வந்தது. "பேரன்பும்" அடங்குமுன் "பெருமதிப்பும்" அதன்மேல் விழுந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயிரம் பேர் முன்னால் ஆயிரம் தலைவர்கள் பேசுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"ஆ!" என்றார். "இது குரல்."

"தேர்த் திருவிழாவில மைக் பிடிச்ச மாதிரி இருக்கு மாஸ்டர்!"

"ஐயா, ஆனா சொல்லு விளங்கேல்லையே..."

"எனக்கு விளங்குது பிள்ளை. நான்தானே சொன்னனான்."

அன்றைக்கே டைல்ஸ் முடிவாகியது. அதுவரை செயலாளருக்கு நிறம் பற்றிக் கொஞ்சம் ஐமிச்சம் இருந்ததாம். அதுவும் தீர்ந்தது. விஞ்ஞான முறைப்படி பரிசோதித்த பின்னரே சுவருக்கு டைல்ஸ் பதிக்கப்படுவதாகக் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் நான் நிறையப் பேசினேன். அவற்றை இங்கே எழுத ஏலாது.

சுவர் பதித்து முடிந்த மண்டபம் பார்க்க நல்லாயிருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. கலியாணப் படங்களில் பளபளவென்று விழுகிறது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் சுவரிலும் ஒரு சோடி தெரிவார்கள்.

இந்த முறை சிறுபோகக் கூட்டம் அதற்குள்தான் நடந்தது. அதிகாரி மைக்கைப் பிடித்தார். முன்பு சகதியாக இருந்தது இப்போது கடலாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். இரண்டு காதும் உள்ளவள். அவளும் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"கேக்கேல்லை!"

என் சத்தமும் சுவரில் ஏறிக் கூரையைச் சுற்றி வந்தது. தலைவர் மேடையிலிருந்து கையைக் காட்டினார்.

"பிள்ளை, காது கஷ்டமெண்டா முன்னுக்கு வந்து இரும்!"

"அப்ப எங்களுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "எங்கள் எல்லாருக்கும் காது கஷ்டமோ?"

நான் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. அலுத்துப்போனது, அவ்வளவுதான். என் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கினேன், வெளியே முற்றத்துக்கு நடந்தேன். வெயில். மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. கதிரையைப் போட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொருத்தியாகக் கதிரையோடு வருகிறாள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் கடைசி வாய்க்காலின் ஆண்கள் சிலரும் வந்தார்கள். ஒருவர் கதிரை கிடைக்காமல் டைல்ஸ் பெட்டியின் மேலேயே இருந்துகொண்டார். அதற்கு அதுதான் முதல் பிரயோசனம்.

பாதிப் பேருக்கு மேல் கையெழுத்து வைக்காவிட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. இது அதிகாரிக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப் பங்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னால் செயலாளர் ஓடிவந்தார்.

"சேர், மைக் வயர் இவ்வளவு தூரம் வராது!"

"மைக் வேண்டாம்," என்றேன். "வாயிருக்குத்தானே."

அதிகாரி இளவயதுக்காரர், வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் வாயால் வாசித்தார். நான் வலது காதைத் திருப்பினேன். முட்டுவதற்கு அங்கே சுவரும் இல்லை கூரையும் இல்லை. முதலாம் வாய்க்கால், இரண்டாம் வாய்க்கால் என்று ஒழுங்காக வந்தது. ஒவ்வொருவரும் வைத்திருக்கும் ஏக்கருக்கு அரை ஏக்கர் விதைக்கலாம். திகதி சொன்னார். எல்லாம் கேட்டது. பிறகு அதே குரலில், ஒரு சொல்லும் தடக்காமல், "கடைசி வாய்க்காலுக்கு இந்த முறை தண்ணீர் இல்லை," என்றார்.

கதிரையை விட்டு எழுந்தேன்.

"ஆர் முடிவெடுத்தது?" என்றேன்.

"கூட்டத்தில ஏகமனதா எடுத்த முடிவம்மா. உள்ள இப்பதான் வாசிச்சனான். எல்லாரும் தலையாட்டினவை."

ஆட்டியிருப்போம். நானும் ஆட்டியிருப்பேன். எத்தனை வருசம் இப்படி ஆட்டினோமோ!

"அது தலையாட்டு இல்லைத் தம்பி. எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை. இப்பதான் கேக்குது. இப்ப சொல்லுறம், ஏலாது."

பிறகு ஒரு மணித்தியாலம் சண்டை. முதலாம் வாய்க்கால்காரர் ஒருவர் கடைசி வாய்க்கால் மண் தண்ணி குடிக்கும் என்றார். உன்ர வாயைவிடக் குறைவாத்தான் குடிக்கும் என்று டைல்ஸ் பெட்டியில் இருந்தவர் சொன்னார். தலைவர் வாசற்படியில் நின்று ஏதோ சொன்னார். மைக் இல்லாமல் அவருடைய குரல் சின்னதுதான், யாரும் திரும்பவில்லை. கடைசியில் அதிகாரி பெட்டி ஒன்றின்மேல் பட்டியலை விரித்துப் பேனையை எடுத்தார். ஏக்கருக்குக் கால் என்று எழுதப்போனார்.

"அரை," என்றேன்.

"என்னம்மா?"

"அரை. மற்றவைக்கு எழுதினதுதான் எங்களுக்கும்."

அவர் குளத்துப் பக்கம் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், முற்றத்தில் கதிரையோடு இருந்த சனத்தைப் பார்த்தார். முதலாம் வாய்க்காலில் கொஞ்சம் வெட்டி, எங்களுக்கு அரைக்கும் காலுக்கும் நடுவில் ஒன்றை எழுதினார். எழுதியதை உரத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். வாசித்த பிறகுதான் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.